முடிக்கு முன்னால் முகம்

நாய் வரையக் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "முடியை எப்படி வரைவது?" என்பதுதான். முடியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பேன். யாரை வரைகிறோம் என்பது முதலில் தெரிய வேண்டும். ஏதோ ஒரு லாப்ரடாரை வரைவது வேறு, இந்த வீட்டு லாப்ரடாரை வரைவது வேறு. முன்னதற்குப் புத்தகத்தில் உள்ள ஒரு படம் போதும். பின்னதற்கு, இடது காது சற்றுத் தாழ்ந்து கிடப்பதும், மூக்கின் மேல்விளிம்பில் கறுப்பு வெளிறிப் பழுப்பேறியிருப்பதும், மோவாயில் தொடங்கிய நரை எதுவரை ஏறியிருக்கிறது என்பதும் தெரிந்தாக வேண்டும். லண்டனில் பென்சிலால் நாய்களின் உருவப்படம் வரைந்து கொடுப்பது என் தொழில். இத்தனை ஆண்டுகளில் நான் கற்றதெல்லாம் இந்த ஒரு வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும்.

பென்சில் பிடிக்கக் கற்றது ஸ்ரீவில்லிபுத்தூரில், என் சித்தப்பா வைத்திருந்த போட்டோ ஸ்டூடியோவில். கறுப்பு வெள்ளைக் காலத்து ஸ்டூடியோ என்றால் அங்கே ஒரு டச்சிங் மேஜை இருக்கும். சரிவான பலகை, நடுவில் பால்கண்ணாடி, அதன் அடியில் வெளிச்சத்தை மேலே திருப்புவதற்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. நெகட்டிவை அதன்மேல் வைத்து, பென்சில் பிடிப்பதற்காக ஒரு திரவத்தைத் தடவிக் காயவிட்டு, கல்யாணப் பெண்ணின் அம்மைத் தழும்பையும் கண்ணுக்கடியில் உள்ள கருவளையத்தையும் சித்தப்பா தொட்டுத் தொட்டு மறைப்பார். பென்சிலை பிளேடால் சீவி, உப்புத்தாளில் உருட்டி உருட்டி ஊசிமுனையாக்குவதற்கே காலைப்பொழுதில் பாதி போய்விடும். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். நாம் கறுப்பாக்கிய இடம் பிரிண்டில் வெளுத்து வரும். "கோடு போடாதடா, நிழலைத் தொடு" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் வாக்கியம். அந்த மேஜையில் பழகியதால் பென்சிலை அழுத்தாத கை வந்தது. வெள்ளை முடியை வரைய முடியாது, அதைச் சுற்றியுள்ள இருட்டைத்தான் வரைய முடியும் என்பதும் அங்கேயே பழகிப்போனது.

லண்டனுக்கு வருமுன்பே எனக்கு ஒரு லண்டன் நாயைத் தெரியும். இசைத்தட்டு கேட்டு வளர்ந்த தமிழர் எல்லோருக்குமே தெரியும். எச்.எம்.வி. தட்டின் நடுவில் கிராமபோன் குழலுக்கு முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்குமே, அந்த நிப்பர்தான். 1884-இல் பிரிஸ்டலில் பிறந்த டெரியர் கலப்பு நாய் அது. ஓவியர் பிரான்சிஸ் பராடின் அண்ணன் வளர்த்தது. அண்ணன் இறந்தபின் பராடிடம் வந்து, 1895-இல் செத்தது. லண்டனின் தென்மேற்கு விளிம்பில் உள்ள கிங்ஸ்டனில் புதைத்தார்கள். இன்று அங்கே அதன் பெயரில் ஒரு சந்தே இருக்கிறது. பராட் அந்தப் படத்தை வரைந்தது நாய் இறந்த பிறகுதான். முதலில் அதில் இருந்தது எடிசன் வகை போனோகிராப். அதை நீக்கிவிட்டு எங்கள் கிராமபோனை வரைந்து கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம் என்று கிராமபோன் கம்பெனி சொன்னது. 1899-இல் ஓவியத்துக்கு 50 பவுண்டும் பதிப்புரிமைக்கு 50 பவுண்டும் கொடுத்தார்கள். பழைய இயந்திரம் புதிய வண்ணத்தின் அடியில் இன்னும் இருக்கிறது. பக்கவாட்டு வெளிச்சத்தில் அதன் வடிவம் தெரியும்.

அந்தப் படத்தில் முடி என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. தட்டின் நடுவில் அச்சாகும்போது நிப்பர் கட்டைவிரல் நகத்தளவுதான். ஆனாலும் அந்த நாய் கேட்கிறது என்பது குழந்தைக்கும் புரிகிறது. தலை சாய்ந்த கோணம், காது விழுந்திருக்கும் விதம், முன்னங்கால்கள் ஊன்றிய நிலை, இவ்வளவுதான் அங்கே இருப்பது. ஒரு நாயின் குணம் அதன் நிற்கும் விதத்திலும் சாய்விலும் இருக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

நாய் ஓவியத்துக்கு லண்டன் தலைநகரம் என்றால் மிகையில்லை. டிரஃபால்கர் சதுக்கத்தில் 1867-இல் வைத்த நான்கு வெண்கலச் சிங்கங்களை வடித்த எட்வின் லாண்ட்சீர் (1802–1873) தன் காலத்தில் நாய்களுக்காகவே பெயர் பெற்றவர். கறுப்பும் வெள்ளையுமான நியூஃபவுண்ட்லாந்து நாய்களை இன்றும் அவர் பெயரால் அழைக்கிறார்கள். அவருடைய ஓவியங்கள் சிலவற்றில் நாய் மனிதனின் கண்ணால் பார்க்கிறது, மனிதனைப்போல் கலங்குகிறது. அந்த இடங்களில் எனக்கு உடன்பாடில்லை. விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள 1837-ஆம் ஆண்டு ஓவியம் வேறு வகை. இறந்துபோன மேய்ப்பனின் சவப்பெட்டிமேல் மோவாயை அழுத்தி அவன் நாய் சாய்ந்திருக்கிறது. முகபாவம் என்று எதுவும் துருத்திக்கொண்டு தெரிவதில்லை. உடல் மொத்தமும் பெட்டியோடு ஒட்டிக்கிடப்பதில்தான் துக்கம் இருக்கிறது. விமர்சகர் ரஸ்கின் வானளாவப் புகழ்ந்த ஓவியம் அது. கற்க வருகிறவர்களை அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, கண்ணீர் இல்லாமல் இது எப்படி நடந்தது என்று கேட்பேன்.

இதற்கு இன்னொரு பாடப்புத்தகம் சார்லஸ் டார்வின் 1872-இல் வெளியிட்ட, மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய நூல். சீறி நிற்கும் நாயையும் குழைந்து வரும் நாயையும் அதில் ஓவியர்களைக் கொண்டு வரைந்து காட்டினார். சீறும் நாயின் முதுகு விறைக்கிறது, வால் மேலேறுகிறது, முடி சிலிர்க்கிறது. குழையும் நாயின் உடல் நெளிந்து தாழ்கிறது, காதுகள் பின்னுக்குப் படிகின்றன. ஓவியன் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் என்றே அதை எடுத்துக்கொள்ளலாம்.

இனி பென்சிலுக்கு வருவோம். கிராஃபைட்டின் கதையும் இந்த நாட்டில்தான் தொடங்குகிறது. இங்கிலாந்தின் வடமேற்கில் போரோடேல் பள்ளத்தாக்கில் 16-ஆம் நூற்றாண்டில் கிடைத்த தூய கிராஃபைட்டை அப்படியே அறுத்துப் பயன்படுத்தினார்கள். பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுகளுக்கும் அது தேவைப்பட்டதால் சுரங்கத்துக்குக் காவல் போட்டார்கள். அதைத் திருடுவதைப் பெருங்குற்றமாக்கி 1752-இல் பாராளுமன்றம் சட்டமே இயற்றியது. பிரிட்டனோடு போர் மூண்டு வரத்து நின்றபோது, பிரான்சில் நிக்கொலா ழாக் கோன்டே கிராஃபைட் பொடியைக் களிமண்ணோடு குழைத்துச் சுட்டு 1795-இல் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் கடினம், குறைந்தால் மிருதுவும் கருமையும். இன்று நாம் வாங்கும் 2ஹெச், ஹெச்பி, 4பி எல்லாம் அந்த விகிதத்தின் பெயர்கள்தாம்.

என் மேஜையில் இருப்பவை குறைவு. வெளிவடிவத்துக்கு 2ஹெச், நடுத்தர நிழலுக்கு ஹெச்பியும் 2பியும், ஆழத்துக்கு 4பி. 1905 முதல் வந்துகொண்டிருக்கும் ஃபேபர் காஸ்டல் 9000 வரிசையும் ஸ்டெட்லர் லூமோகிராஃபும் எனக்குப் பழக்கம். கிராஃபைட்டுக்கு ஒரு குணம் உண்டு: அழுத்த அழுத்தப் பளபளக்கும். கறுப்பு நாயின் படத்தை 8பி கொண்டு அழுத்தி முடித்து ஜன்னலோரம் மாட்டினால், எங்கே இருட்டு வேண்டுமோ அங்கேதான் வெள்ளி மின்னும். அதனால் மிருதுவான பென்சிலை அழுத்துவதைவிட, கடின பென்சிலால் பல அடுக்குகள் ஏற்றுகிறேன். மிக ஆழமான சில புள்ளிகளுக்கு மட்டும் கரி கலந்த, பளபளக்காத பென்சில். தாள், சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள, சூடாக அழுத்தி வழவழப்பாக்கிய, அமிலமற்ற பருத்தித் தாள். சொரசொரப்பான தாளில் கண்ணின் விளிம்பு நிற்காது. பிசைந்து உருமாற்றக்கூடிய பட்டி ரப்பர் ஒன்று, பேனாபோல் இருக்கும் மெல்லிய முனை ரப்பர் ஒன்று, மழுங்கிய ஊசி ஒன்று.

மழுங்கிய ஊசி எதற்கு என்று கேட்பார்கள். மீசை முடிக்கு. நிழல் ஏற்றுவதற்கு முன்பே, வெள்ளை மீசை வர வேண்டிய இடத்தில் ஊசியால் தாளைக் கிழிக்காமல் அழுத்தி ஒரு பள்ளக் கோடு இழுத்துவிட வேண்டும். பிறகு அதன்மேல் பென்சிலைப் படுக்கப்போட்டு நிழல் ஏற்றினால் பள்ளத்துக்குள் கிராஃபைட் இறங்காது. கோடு வெள்ளையாகவே நிற்கும். மீசையை மனம்போன இடத்தில் இழுக்கவும் கூடாது. அது வரிசையாக உள்ள புள்ளிகளிலிருந்து முளைக்கிறது. மேலுதட்டில் சில வரிசைகள், கன்னத்தில் ஒரு மரு, புருவத்தின் மேல் சில முடிகள். புள்ளி தவறினால் மீசை ஒட்டவைத்தது மாதிரி தெரியும்.

வேலை அளவில் தொடங்குகிறது. நெற்றியிலிருந்து மூக்குத்தண்டுக்கு இறங்கும் சரிவு, இரு கண்களின் உள்மூலைக்கு நடுவே உள்ள தூரம், அங்கிருந்து மூக்கின் நுனிவரை உள்ள தூரம், இந்த மூன்றும் பொருந்தினால் அந்த நாய் பாதி வந்துவிட்டது. கட்டம் போட்டும் பிரதி எடுக்கலாம். அதில் இழிவு ஒன்றுமில்லை. ஆனால் கட்டம் தோலின் மேல் உள்ளதை மட்டுமே காட்டும். அடியில் உள்ள மண்டையோட்டைக் கைக்குப் பழக்க வேண்டும். பிரிட்டிஷ் மியூசியத்தில் ஜென்னிங்ஸ் நாய் என்று ஒரு பளிங்குச் சிலை உட்கார்ந்திருக்கிறது. கிரேக்க வெண்கலம் ஒன்றைப் பார்த்து ரோமானியர் வடித்தது, வால் முறிந்திருக்கிறது. நிறமே இல்லாத கல்லில் வெளிச்சம் எங்கே விழுகிறது, எங்கே திரும்புகிறது என்று அதைச் சுற்றிவந்து வரைவது, எந்த வகுப்பைவிடவும் மேல். நுழைவுக் கட்டணமும் கிடையாது.

அடுத்து கண். ஒரு படத்துக்குச் செலவாகும் நேரத்தில் பெரும்பங்கு அதற்குத்தான். மேலிமையின் நிழல் கருவிழியின் மேற்பகுதியில் விழுந்திருக்கும். அதைப் போடாவிட்டால் கண் கோலிக்குண்டாகிவிடும். பாப்பாவைச் சுற்றியுள்ள கருவிழி கீழ்ப்பாதியில் சற்று வெளிறும், ஏனென்றால் மேலிருந்து வரும் வெளிச்சம் உள்ளே புகுந்து அங்கே தங்குகிறது. கண்ணில் மின்னும் வெள்ளை, வட்டப்புள்ளி அல்ல. அந்த அறை ஜன்னலின் வடிவம் அது. கீழிமையின் ஓரத்தில் ஈரம் ஒரு மெல்லிய ஒளிக்கோடாக ஓடும். இதற்கெல்லாம் மேல் ஒன்று: அமைதியாக நம்மைப் பார்க்கும் நாயின் கண்ணில் வெள்ளை விழி பெரும்பாலும் தெரியாது. மனிதக் கண்ணை வரைந்த பழக்கத்தில் வெள்ளையை விட்டுவைத்தால், நாய் மிரண்டுபோனதாக ஆகிவிடும். மிரண்ட நாய்க்குத்தான் வெள்ளை தெரியும்.

நாய் நம்மைக் கெஞ்சுவதுபோல் பார்க்கிறதே, அதுவும் கற்பனை இல்லை. புருவத்தின் உள்மூலையை உயர்த்தும் தசை நாய்களுக்கு நன்றாக வளர்ந்திருக்கிறது. ஓநாய்களிடம் அது சில நார்களோடு நின்றுவிடுகிறது என்று 2019-இல் வந்த ஓர் உடற்கூற்று ஆய்வு காட்டியது. ஆகவே அந்த உள்மூலையில் உள்ள சிறு மேட்டைச் சரியாகப் போட்டால் போதும். கண்ணுக்குள் சோகத்தைக் கொண்டுவந்து வைக்க வேண்டியதில்லை.

இவை எல்லாம் அமைந்தபின்தான் முடி. மெல்லிய தாளைப் படத்தின்மேல் வைத்து முடி ஓடும் திசைகளை அம்புக்குறிகளாகப் போட்டுக்கொள்கிறேன். மூக்குக்குப் பின்னாலிருந்து மேல்நோக்கி, கண்களுக்கு நடுவே விரிந்து, கன்னத்தில் பின்சரிந்து, மார்பில் சுழித்துச் செல்லும் பாதை அது. பிறகு கோடில்லாத ஓர் அடிநிழல். அதன்மேல் வேரில் ஊன்றி நுனியில் தூக்கும் கோடுகள். ஒற்றை ஒற்றை முடியாக எண்ணாமல் கற்றை கற்றையாகப் பார்த்து, கற்றைக்கும் கற்றைக்கும் நடுவே உள்ள இருட்டைப் போட வேண்டும். கறுப்பு நாயில் கண்ணுக்குத் தெரிவது முடி அல்ல, முடிமேல் விழுந்த வெளிச்சம். ஆகவே கறுப்பு லாப்ரடாரின் படத்தில் பெரும்பரப்பு சாம்பல்தான். நம் ராஜபாளையம்போன்ற வெள்ளை நாய்க்கு எதிர்வழி: பின்னணியை இருட்டாக்கினால் நாய் தானே முன்னால் வரும். உடம்பில் நிழல் விழுந்த இடங்களை மட்டும் ஹெச் பென்சிலால் தொட்டால் போதும்.

இனம் என்பதன்மேல் லண்டனுக்கு ஒரு மோகம் உண்டு. இனங்களின் இலக்கணத்தை வகுத்துக் காக்கும் கெனல் கிளப் 1873-இல் இங்கேதான் பிறந்தது. ஆனால் அதற்கும் முன்பே, 1860-இல், மேரி டீல்பி என்ற அம்மையார் ஹாலோவேயில் தெருநாய்களுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். 1871-இல் பாட்டர்சீக்கு மாறிய அந்த இல்லம் இன்றும் இயங்குகிறது. அப்படிப்பட்ட இல்லங்களிலிருந்து தத்துப்போன கலப்பு நாய்கள் எனக்குக் கிடைத்த நல்ல ஆசிரியர்கள். ஒப்பிட்டுப் பார்க்க இலக்கணம் கிடையாது. எதிரில் உள்ளதைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஓடி ஓய்ந்த கிரேஹவுண்டுகளையும் சொல்ல வேண்டும். வால்தம்ஸ்டோ பந்தய அரங்கு 2008-இலும் விம்பிள்டன் அரங்கு 2017-இலும் மூடப்பட்டன. ஆனாலும் பந்தயம் விட்டு வீட்டுக்கு வந்த நாய்களைத் தெருவில் பார்க்கலாம். எங்கள் பக்கத்துச் சிப்பிப்பாறை, கன்னி நாய்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த ஒடுங்கிய முகமும் ஆழ்ந்த மார்பும் அந்நியமில்லை. ஒருமுறை வயதான ஒருவர் வீட்டில், அவருடைய கிரேஹவுண்டை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அது தூங்கித் திரும்பியபோது பின்னால் மடிந்த காது விரிந்து, உள்ளே பச்சை குத்திய எழுத்துகள் தெரிந்தன. பந்தய நாய்களுக்கு அடையாளமாகக் குத்துவது. படத்தில் அதை விட்டுவிடட்டுமா என்று கேட்டேன். "விடாதீர்கள். அதோடுதான் என்னிடம் வந்தது" என்றார். காதை விரித்த நிலையிலேயே வரைந்தேன். புகைப்படம் மட்டும் பார்த்து வரைந்திருந்தால் அது எனக்குத் தெரியவே தெரியாது. முடிந்தவரை நாயை நேரில் பார்க்க வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான். சும்மா இருக்கும் நேரத்தில் ஹாம்ஸ்டெட் ஹீத்திலும் சுரங்க ரயிலிலும் சிறு நோட்டில் கிறுக்கிக்கொண்டிருப்பேன். ரயில் நிலையத்து எஸ்கலேட்டரில் நாயைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்பது விதி. அப்போது நாய் முகம் நம் கண்மட்டத்துக்கு வரும். ஓவியனுக்கு அது நல்ல நேரம்.

என்னிடம் வரும் வேலைகளில் நிறைய, நாய் போன பிறகு வருபவை. கைபேசியில் இருந்த நாலு மங்கல் படங்களோடு வருவார்கள். அதில் பளிச்சென்று ஃப்ளாஷ் அடித்துக் கண் பச்சையாக எரியும். மிக அருகில் எடுத்ததால் மூக்கு பெருத்துக் காதுகள் சுருங்கியிருக்கும். அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்பேன்: எந்தக் காது முதலில் நிமிரும், நரை கண்வரை ஏறியிருந்ததா, வாயை மூடியே வைத்திருக்குமா. தெரியாததை நானாக இட்டுநிரப்புவதில்லை. அந்த இடத்தை நிழலில் விட்டுவிடுவேன். வேறொரு போட்டோகிராபர் எடுத்த படமென்றால் அவரிடம் அனுமதி வாங்கியபின்தான் தொடுவேன். இந்த நாட்டில் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, படத்தின் உரிமை பொதுவாக எடுத்தவருக்கே உரியது.

நாய்க்குப் படமா என்று ஊரில் சிலர் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் சொல்வது எடுத்தனூரை. திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள அந்த ஊரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று நிற்கிறது. ஏழாம் நூற்றாண்டு. கால்நடை கவரும் தொறுப் பூசலில் இறந்த வீரனுக்கு எடுத்த கல். அதில் அவனோடு அவன் நாயும் இருக்கிறது. கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற அதன் பெயர் கோவிவன் என்றும் பொறித்திருக்கிறார்கள். எந்த இனம் என்று அந்தக் கல் சொல்லவில்லை, பெயரைச் சொல்கிறது. ஒரு குறிப்பிட்ட நாயை, அதன் பெயரோடு நினைவில் நிறுத்த வேண்டும் என்று நம்மவர்களுக்கு அன்றே தோன்றியிருக்கிறது. நான் செய்யும் தொழிலுக்கு அதைவிடப் பெரிய முன்னோடி வேண்டியதில்லை.

ஆகவே, வீட்டில் நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அது நடமாடும்போதே படம் எடுத்து வையுங்கள். ஃப்ளாஷை அணைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார வையுங்கள். நீங்களும் தரையில் உட்கார்ந்து, அதன் கண்மட்டத்துக்கு கேமராவைக் கொண்டுவாருங்கள். நாலடி தள்ளி இருந்து ஜூம் செய்யுங்கள், மூக்கு பெருக்காது. நேராக ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, தூங்கும்போது ஒன்று. பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். வரையத் தெரிந்தவர்கள் ஒரு 2பி பென்சிலை எடுத்துக்கொண்டு இன்றைக்கே அதன் எதிரில் உட்காருங்கள். முடியைப் பற்றிக் கவலை வேண்டாம். முகத்தைப் பாருங்கள்.